நாற்பது யூரோ அம்மா

ஒரு தாயின் விலை நாற்பது யூரோ. தொங்கவிடும் சங்கிலி இலவசம்.

பார்னவெல்ட் ஊர் வியாழக்கிழமைச் சந்தையில் இதைக் கேட்டு யாரும் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு தரும் தகரக் குடைக்கு அங்கே ‘செயற்கை அம்மா’ என்று பெயர். ஊரில் பாதிப் பேர் கோழியால் பிழைக்கிறவர்கள். நாளுக்கு நூறு தடவை வாயில் வருகிற சொல்லில் ‘செயற்கை’ எப்போதோ உதிர்ந்துபோய், அம்மா மட்டும் மிஞ்சிவிட்டாள். “அம்மா சூடா இருக்காளா?” “அம்மாவுக்கு ஒயர் போயிடுச்சு.” “பழைய அம்மாவ எவனாவது எடுத்துப்பானா?” எல்லாம் அங்கே சாதாரணப் பேச்சு.

லுப்பர்ட் அந்த அம்மாவை மூன்று முறை சுற்றிவந்தான். குடைக்குள் கையை விட்டுத் தடவினான். விளிம்பிலிருந்து தொங்கிய துணிப் பாவாடையை மோந்து பார்த்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. குறை தெரிகிற பொருளை நம்பி வாங்கலாம். தெரியாவிட்டால் உள்ளே எங்கோ ஒளிந்துகொண்டு சிரிக்கிறது என்று பொருள். இந்தச் சித்தாந்தத்தை வைத்துத்தான் லுப்பர்ட் ஐம்பத்தேழு வயது வரை ஒருவனிடமும் ஏமாறாமல் ஓட்டியிருந்தான். நிம்மதியாக ஓட்டினானா என்பதை அவன் மனைவி ஹில்லியிடம்தான் கேட்க வேண்டும்.

விற்கிறவன் ஏவர்ட். லுப்பர்ட் வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி வீடு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றான்.

“அறுபது.”

லுப்பர்ட் அந்த உள்ளங்கையில் ஓங்கி ஓர் அறை விட்டான். “இருபத்தஞ்சு.”

ஏவர்ட் திருப்பி அறைந்தான். “அம்மாவய்யா! அம்மாவுக்கு இருபத்தஞ்சுங்கற, வாய் கூசல? அம்பத்தஞ்சு.”

அறை. “உங்கம்மாவா இருந்தா அறுபதே குடுப்பேன், அவங்க வைக்கிற பட்டாணி சூப்புக்கே தகும். இது தகரம். முப்பது.”

அறை. “தகரந்தான், ஆனா உன்ன மாதிரி இல்ல. சூடு இருக்கு உள்ள. அம்பது.”

அந்தச் சந்தையில் ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. ஒவ்வொரு விலைக்கும் ஓர் அறை. கடைசி அறை எந்த விலையில் விழுகிறதோ அது கல்லில் வெட்டியது. உள்ளங்கைதான் பத்திரம். ஒருவன் கையில் இன்னொருவன் அறையமாட்டேன் என்று சொல்லிவிட்டால், அவன் கூண்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான்.

லுப்பர்ட் முறைப்படி கோபித்துக்கொண்டு நடந்தான். காப்பிக் கடை வரைக்கும் போகவிட்டுத்தான் கூப்பிடுவது வழக்கம். அவன் புறாக்கூண்டைத் தாண்டுவதற்குள்ளேயே பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது.

“சரிப்பா, வா. நாப்பது. சங்கிலியும் வச்சுக்க.”

லுப்பர்ட் சந்தேகத்தோடு திரும்பி வந்தான். இவ்வளவு சீக்கிரமாகவா? புறா விற்கும் வுல்ஃபர்ட் கண்ணைச் சிமிட்டினானோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் கை தானாகப் போய் விழுந்துவிட்டது. “நல்லதே நடக்கட்டும்” என்று ஏவர்ட், சந்தை வழக்கப்படி, சொல்லி முடித்தான். சொன்னவன் சிரிக்கவும் செய்தான். விற்றவன் சிரித்தால் வாங்கினவன் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

போதாததற்கு, அம்மாவை வண்டியில் ஏற்றும்போது அவன் கேட்ட கேள்விகள்.

“எங்க கட்டப்போற?”

“பழைய ஆட்டுக் கொட்டில்ல.”

“கதவு எந்தப் பக்கம்?”

“ஏன்?”

“சும்மாதான். பூட்டு கீட்டு உண்டா?”

“இருக்கு.”

“நல்லது. சும்மா சும்மா திறந்து பார்த்துட்டு நிக்காத. அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்.”

வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லுப்பர்ட் இதை மென்றுகொண்டே வந்தான். கொட்டில் எங்கே என்று கேட்டான். கதவு எந்தப் பக்கம் என்று கேட்டான். பூட்டு உண்டா என்று கேட்டான். கடைசியில், அந்தப் பக்கம் போகாதே என்றான். ஒரு திருடனே வந்து நின்றிருந்தாலும் இதைவிட விவரமாகக் கேட்டிருக்க முடியாது.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. ஏவர்ட் வீட்டுக் கோழிகள் இடும் முட்டை, வறுத்த கஷ்கொட்டை நிறத்தில் இருக்கும். அந்த நிறம் சுற்றுவட்டாரத்தில் வேறு எவன் வீட்டிலும் கிடையாது. எவ்வளவு கேட்டும் அடைவைக்கிற முட்டையை அவன் யாருக்கும் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் மாத ஆரம்பத்தில் ஒரு தட்டு முட்டையைக் கொண்டுவந்து லுப்பர்ட்டின் சமையலறை மேஜையில் வைத்தான். விலை சொல்லவில்லை. காப்பி குடித்தான், போய்விட்டான். இலவசமாக வந்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை என்பதால் லுப்பர்ட் அதை இன்குபேட்டரில் வைத்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

“மொதல்ல முட்டை சும்மா. இப்ப அம்மா அடிமாட்டு விலை,” என்று ஹில்லியிடம் சொன்னான். “அடுத்து என்ன தெரியுமா?”

“அடுத்து உனக்கு ஒரு சினேகிதன் இருக்கான்னு தெரியவரும்,” என்றாள் ஹில்லி. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

கொட்டிலை லுப்பர்ட் நன்றாகத்தான் தயார் செய்தான். தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. தரையில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சீவல் பரப்பினான். மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் போய் அடைந்து ஒன்றையொன்று நசுக்கும். அதனால் மெல்லிய பலகையை வளைத்து, மூலையே இல்லாத வட்ட வேலி போட்டான். நடுவில் அம்மாவைச் சங்கிலியில் தொங்கவிட்டான். முதல் வாரம் தரையை ஒட்டி. அப்புறம் வாரத்துக்கு ஒரு கண்ணி உயர்த்த வேண்டும், இறகு முளைக்க முளைக்கச் சூடு குறைய வேண்டும். கதவிடுக்கில் சாக்கு அடைத்தான். ஜன்னலுக்கு நாடா ஒட்டினான்.

எல்லாம் முடிந்தபிறகு துளைக்கும் மிஷினை எடுத்துவந்தான்.

கிழக்குச் சுவர்ப் பலகையில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், தன்னிடம் இருந்ததிலேயே தடித்த அலகைப் போட்டு ஓர் ஓட்டை போட்டான். வெளியே குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணை வைத்தான். வட்ட வேலி மறைத்தது. உள்ளே போய் வேலியிலும் நேராக ஒரு சின்ன ஜன்னல் வெட்டினான். இப்போது அம்மா தெரிந்தாள். அதற்கப்பால் கதவின் அடிப்பாகமும் தெரிந்தது. முகம் தெரியாது. பரவாயில்லை, ஏவர்ட் போடுவது மஞ்சள் மரச்செருப்பு. அது தெரிந்தால் போதும்.

“என்ன மனுஷா இது, தவளை மாதிரி?” ஹில்லி துணி காயப்போட வந்தவள், புல்லில் கிடந்த கணவனின் பின்பக்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“சத்தம் போடாத. பாதுகாப்பு.”

“யாருகிட்டருந்து?”

“யாருகிட்டருந்துன்னு தெரிஞ்சா எதுக்கு ஓட்டை போடறேன்?”

செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டுக் குஞ்சுகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அலகைத் தண்ணீரில் தோய்த்துக் குடிக்கக் கற்றுக்கொடுத்து, அம்மாவின் பாவாடைக்குள் விட்டான் லுப்பர்ட். முதுகில் காப்பித்தூள் தூவினது போன்ற குஞ்சுகள். ஏவர்ட் வம்சமேதான். வெளியே போய்ப் படுத்து ஓட்டையில் கண்ணை வைத்தான். தட்டில் சிந்திய தானியம்போல எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி, தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

குஞ்சு பேசாது என்பது தெரியாதவன் சொல்வது. அம்மாவுக்குக் கீழே குவிந்து கிடந்தால், குளிர்கிறது. வேலியோரமாய் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சுடுகிறது. இறைத்துவிட்டதுபோலப் பரவியிருந்தால், சுகம். எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், எங்கிருந்தோ காற்று வருகிறது. இது லுப்பர்ட்டுக்குத் தாய்மொழி மாதிரி.

திருப்தியாக எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு, கொட்டிலுக்குள் நுழைந்தான். முப்பத்தெட்டும் மேற்குப் பக்கம், பாவாடைக்கு வெளியே, ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறிக் குவிந்து கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

காற்று என்று உடனே புரிந்தது. கதவைப் பார்த்தான், சாக்கு அசையவில்லை. ஜன்னலைப் பார்த்தான், நாடா அப்படியே இருந்தது. வெப்பமானி சொன்ன கணக்கும் சரி. எதற்கும் வெளியிலிருந்து கவனிப்போம் என்று போய்ப் படுத்து, கன்னத்தைப் பலகையில் அழுத்தி, கண்ணை வைத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தல் அடங்கியது. ஒன்று இறங்கி வந்தது, பின்னாலேயே நாலு வந்தன, கொஞ்ச நேரத்தில் பழையபடி பரவிவிட்டன. எழுந்து மாட்டைப் பார்த்துவிட்டு வந்தான். மறுபடியும் மேற்கே குவியல்.

அன்றும் மறுநாளும் இதே கூத்து. அவன் கண் ஓட்டையில் இருக்கும்வரை குஞ்சுகள் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்போல ஒழுங்கு. அவன் எழுந்து போனால் கலவரம்.

இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்: அவன் போகிற நேரம் பார்த்து எவனோ வருகிறான்.

இன்னொரு யோசனையும் ஓடியது. அம்மாவே ஒருதலைப்பட்சமோ? மேற்கே சூடு, கிழக்கே வெறும் தகரம்? அப்படியானால் ஏவர்ட் ஏமாற்றிவிட்டான். எந்தச் சந்து வழியாகப் போனாலும் கடைசியில் ஏவர்ட் வீட்டு வாசலில்தான் போய் நின்றது. சோதித்துவிடுவோம் என்று அம்மாவைச் சங்கிலியோடு பாதி வட்டம் திருப்பிவைத்தான். குஞ்சுகள் அதே மேற்கில்தான் குவிந்தன. நியாயமான மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் அம்மாவை விடுதலை செய்திருப்பான். லுப்பர்ட் நெற்றியைத் தட்டிக்கொண்டான். “அடப்பாவி, திரும்பவும் வந்து திருப்பி வச்சிருக்கான்!”

“எதுக்குடா சாமி?” என்றாள் ஹில்லி. “அவன் குடுத்த முட்டை, அவன் வித்த அம்மா. அவனே வந்து எதுக்குக் கொல்லணும்?”

“அங்கதான் இருக்கு சூட்சுமம். குடுத்தேன்னு பேர் வாங்கியாச்சு. பொழைக்கலன்னா, ‘என் கோழி என் கையிலதான் வளரும்’னு சந்தையில சொல்லலாம். வெல ரெண்டு மடங்கு.”

“இவ்வளவு மூளைய வச்சுக்கிட்டு நீ இன்னும் ஓட்ட வண்டில போயிட்டிருக்கியே மனுஷா,” என்றாள் ஹில்லி.

வியாழன் விடிந்தபோது குவியலின் அடியில் நாலு குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன. ஒரு குஞ்சின் எடை ஒன்றுமே இல்லை. நாலையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்தால்கூட ஏதோ மறந்துபோனதைப்போல இருக்கும். லுப்பர்ட் அவற்றைக் கொல்லைப்புறத்தில் புதைத்தான். கையைக் கழுவினான். சந்தைக்குப் போனான்.

ஏவர்ட் கூண்டுகளுக்குப் பின்னாலிருந்து முகம் மலர வந்தான். இரண்டு பெட்டைக் கோழிகளுக்கு ஒருவனோடு பேரம் பாதியில் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்தான். “வாய்யா! எப்படி இருக்கா அம்மா?” கை நீண்டது.

லுப்பர்ட் தன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

புறா வுல்ஃபர்ட் வாயில் வைத்திருந்த சுருட்டை எடுத்தான். பேரம் பேசிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். ஏவர்ட்டின் கை, யாரோ மாட்டிவைத்துவிட்டு மறந்த தராசுபோல அந்தரத்தில் நின்றது.

“இந்தக் கையில நான் இனி அடிக்கிறதா இல்ல,” என்றான் லுப்பர்ட், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

ஏவர்ட்டின் முகத்தில் நிறம் மாறியது. ஆனால் அவன் கேட்டது வேறு. “எத்தன போச்சு?”

“பாத்தீங்களா?” லுப்பர்ட் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். “போச்சுன்னு நான் சொல்லவே இல்ல. இவனுக்கு எப்படித் தெரியும்?”

“உன் மூஞ்சிதான் சொல்லுது. காத்து பாத்தியா? எங்கயாவது...”

“காத்துக்குக் கால் கிடையாது ஏவர்ட். மரச்செருப்புக்குத்தான் உண்டு.”

பெட்டைக் கோழிக்காரன் மெல்ல நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போனான். அன்று மத்தியானம் ஏவர்ட்டின் கூண்டுகள் வந்தபடியே நிறைந்து வண்டியில் ஏறின. லுப்பர்ட் அதைக் காப்பிக் கடையிலிருந்து பார்த்தான். காப்பி அன்றைக்குக் கொஞ்சம் கசந்தது. காப்பிக்காரன் பழைய தூளைப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஆணி அடிக்கிற சத்தம்கூடக் கேட்காது. கோழிக்குத் தீனி போடலாம், பசுவைக் கறக்கலாம், அது கருணை. சுத்தியலை எடுத்தால் அது வேலை, ஏழு வீட்டு ஜன்னல் திரை விலகும். லுப்பர்ட்டும் ஹில்லியும் கறுப்பு உடுத்திக் கோயிலுக்குப் போய்த் தங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போதகர் பிரசங்கத்தின் முதல் பகுதியை முடித்ததும், வழக்கப்படி ஹில்லி கைப்பையைத் திறந்து ஆளுக்கொரு பெப்பர்மின்ட் எடுத்தாள். வரிசை முழுக்கக் காகிதம் சரசரத்தது. லுப்பர்ட் வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

முன்னால் மூன்றாவது வரிசை, கதவோரம். ஏவர்ட்டின் இடம் காலி.

முப்பது வருஷமாக அந்த இடம் காலியாக இருந்து அவன் பார்த்ததில்லை. ஊர் மொத்தமும் இங்கே கட்டிப்போட்டதுபோல உட்கார்ந்திருக்கிறது. பாதையில் ஒரு ஆள் இருக்க மாட்டான். கொட்டிலில் முப்பத்துநாலு குஞ்சுகள் தனியாக இருக்கின்றன. இதைவிட நல்ல நேரம் எவனுக்குக் கிடைக்கும்? பெப்பர்மின்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு லுப்பர்ட் எழுந்தான். ஹில்லி கோட்டைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கோயிலில் பிரசங்கத்தின் நடுவில் எழுந்துபோனவர்கள் எல்லாம் மாரடைப்பு வந்தவர்கள். போதகர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டார். லுப்பர்ட் வெளியே போய், ஓடினான்.

பாதையில் மஞ்சள் செருப்பு இல்லை. கொட்டில் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின் குறுக்கே அவன் காலையில் ரகசியமாக ஒட்டியிருந்த ஹில்லியின் தலைமுடி அறுபடாமல் இருந்தது. திறந்து உள்ளே போனான். யாரும் இல்லை. குவியல் மேற்கே, கத்தல். கைகளால் பிரித்து எடுத்தான். அடியில் ஐந்து.

அந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு மண்டியிட்டபடி இருந்தபோதுதான் அதைப் பார்த்தான்.

கிழக்குச் சுவரிலிருந்து வெயில் ஒரு கோலைப்போலச் சாய்வாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் குஞ்சுகளின் மென்மயிரும் மரச்சீவல் தூசியும் பறந்தன. சும்மா மிதக்கவில்லை. சுவரிலிருந்து வேகமாகப் புறப்பட்டு, வேலியின் சின்ன ஜன்னலுக்குள் நுழைந்து, நேராக அம்மாவின் பாவாடையை விலக்கிக்கொண்டு போயின. பாவாடை அந்த ஒரு இடத்தில் விடாமல் படபடத்தது. ஜெர்மனிப் பக்கத்திலிருந்து கிழக்குக் காற்று வாரம் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறது.

லுப்பர்ட் உள்ளங்கையை ஓட்டைக்கு முன்னால் நீட்டினான். காற்று அறைந்தது. பேரத்துக்கு வந்தவன்போல, சில்லென்று, விடாமல்.

அவன் மெல்ல மறுகையால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். அவன் பார்க்கும்போதெல்லாம் குஞ்சுகள் ஏன் ஒழுங்காக இருந்தன என்பது விளங்கியது. இந்த மூஞ்சிதான் ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. காவல் முடிந்து எழுந்துபோகிற ஒவ்வொரு முறையும், திருடனைத் தானே உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

ஒரு பலகைத் துண்டும் நாலு ஆணியும் இருந்தால் காரியம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை. சாக்கைத் திணித்துப் பார்த்தான். ஓட்டைக்கு அது தடிமன் அதிகம். பைகளைத் துழாவினான். பெப்பர்மின்ட் கையில் தட்டுப்பட்டது. வாயில் போட்டு நனைத்து, ஓட்டையில் வைத்து அழுத்தினான். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது. வெயில்கோல் அணைந்தது. பாவாடை படபடப்பதை நிறுத்தியது.

ஹில்லி வந்தபோது அவன் சீவலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். குஞ்சுகள் எல்லாப் பக்கமும் பரவி, ஒன்று அவன் பூட்ஸின்மேல் ஏறித் தூங்கிக்கொண்டிருந்தது.

“உயிரோடதான் இருக்கியா? போதகர் உனக்காக ஜெபம் பண்ணிட்டாரு. நாலு பேர் கூட வர்றேன்னாங்க, நான்தான் வேணாம்னேன்.”

“ஏவர்ட் இடம் காலியா இருந்துச்சு,” என்றான் லுப்பர்ட்.

“அவன் மாடியில இருந்தான். உன் தலைக்கு நேர் மேல. கீழ கதவுப் பக்கம் காத்து அடிக்குதாம், கழுத்து புடிச்சுக்கிச்சாம். எடம் மாத்திக்கிட்டான்.” பிறகுதான் அவள் கண் சுவரில் வெள்ளையாக இருந்த வட்டத்தில் விழுந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். மோந்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“வியாழக்கிழமை நீ பண்ணினதுக்கப்புறம் அவன்கிட்ட யாரும் கை நீட்டறதில்லயாம்,” என்றாள். “சொல்லி வச்சிருந்தவங்ககூட வேணாம்னு ஆள் அனுப்பிட்டாங்களாம். அவன் பொண்டாட்டி கோயில் வாசல்ல என்னப் பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. இப்பவே போய்ச் சொல்லு.”

“ஊர் முன்னால சொன்னத சமையல்கட்டுல போய்த் திருப்பி எடுக்க முடியாது ஹில்லி. வியாழன்தான்.”

“பயமா?”

“அதுவுந்தான்.”

வியாழக்கிழமை ஏவர்ட்டின் கூண்டுகளுக்கு முன்னால் கோழி மேய்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அவன் பெட்டிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். லுப்பர்ட் போய் நின்றான். சந்தை சத்தம் இறங்கியது. வுல்ஃபர்ட்டின் புறாக்கள்கூட அடங்கினதுபோல இருந்தது.

“ஓட்டை என்னோடது,” என்றான் லுப்பர்ட்.

“என்ன ஓட்டை?”

சொன்னான். குப்புறப் படுத்ததையும் சொன்னான், மூஞ்சியையும் சொன்னான், பெப்பர்மின்ட்டையும் சொன்னான். முதலில் சிரித்தவன் வுல்ஃபர்ட். அப்புறம் வரிசையே குலுங்கியது. ஏவர்ட் சிரிக்கவில்லை. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தான்.

“எத்தன போச்சு?”

“ஒம்பது.”

“ஏன் உனக்கு முட்டை குடுத்தேன்னு தெரியுமா?” என்றான் ஏவர்ட். “ஒரு நாள் நரி வந்தா, இல்ல ஒரு நோய் வந்தா, என் வீட்டோட அந்த நெறம் போயிடும். இன்னொரு வீட்லயும் இருக்கட்டும்னு நெனச்சேன். எந்த வீடுன்னு யோசிச்சேன். ஊர்லயே ஒருத்தனையும் நம்பாதவன், நாலு பூட்டு போடறவன், ராவும் பகலும் முழிச்சிருக்கறவன் யாருன்னு பார்த்தேன். உன் வீட்டுக்குள்ள நரி நொழையாது லுப்பர்ட். அதான் முட்டையும் குடுத்தேன், அம்மாவையும் வெல பாக்காம விட்டேன்.” அவன் தலையை ஆட்டிக்கொண்டான். “நரிக்குக் காவல் இருந்துட்டு காத்த உள்ள விட்டுட்டியே.”

லுப்பர்ட் கூண்டுகளைப் பார்த்தான். “அந்தச் சேவல் என்ன வெல?”

“எழுபது.”

ஐம்பது பெறாது. அது சந்தைக்கே தெரியும். லுப்பர்ட்டின் உதடு பழக்கதோஷத்தில் ‘முப்பத்தஞ்சு’ என்று குவிந்தது. அதை விழுங்கினான். “சரி,” என்றான். வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றான்.

லுப்பர்ட் பேரம் பேசாமல் வாங்குகிறான்! வரிசையில் எவனோ சீழ்க்கை அடித்தான். பெட்டைக் கோழிக்காரன் போன வாரம் விட்டுப்போன இடத்துக்கே திரும்பி வந்து, “அந்த ரெண்டுக்கும் கடைசியா என்ன சொன்ன?” என்று தொண்டையைச் செருமினான். ஏவர்ட் எழுந்து, அவனுடைய கையில் அறைந்தான், அறை வாங்கினான். முடிந்தது. நல்லதே நடக்கட்டும். வுல்ஃபர்ட் வந்து, தேவையே இல்லாத ஒரு வாத்துக்கு விலை கேட்டான். மறுபடியும் அறைச் சத்தம் எழுந்தது.

லுப்பர்ட்டின் கை அப்படியே நீண்டிருந்தது. ஏவர்ட் சேவலைப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தான், காசை எண்ணி வாங்கிக்கொண்டான், அந்தக் கையைப் பார்த்தான். தன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“அன்னிக்கு நீட்டின கை இன்னும் சில்லுன்னு இருக்கு,” என்றான். குரலில் கோபம் இல்லை. “சங்கிலிய எப்ப ஏத்தற?”

“இன்னிக்கு. ஒரு கண்ணி.”

“ஒண்ணுதான். அவசரப்பட்டு ரெண்டு ஏத்தினா தாங்காது. அதுக்குன்னு ஒரு நாள் இருக்கு.” பெட்டியைத் தள்ளிக் கொடுத்தான். “கதவ மட்டும் சும்மா சும்மா திறக்காத.”

சாயங்காலம் லுப்பர்ட் அம்மாவை ஒரு கண்ணி உயர்த்திக் கட்டினான். ஓட்டையில் திங்கட்கிழமையே பலகை அடித்தாயிற்று. பெப்பர்மின்ட் உள்ளேயே இருந்துவிட்டது. ஹில்லி வாசலில் நின்று என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவன் விரல் விட்டு எண்ணிச் சொன்னான்.

முப்பத்தெட்டில் ஒன்பது போக, இருபத்தொன்பது. அம்மாவுக்கு நாற்பது, தீர்ந்தது. சேவலுக்கு எழுபது, தீர்ந்தது. பெப்பர்மின்ட் ஒன்று, ஹில்லிக்குத் தர வேண்டியது. ஏவர்ட்டுக்கு ஓர் அறை, பாக்கி.